ஃபேர் என்கிற பிரெஞ்சு வினை: ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வேஷம்?

பாலாற்றுப் பொண்ணு

வேலூரில் பொறியியல் படிக்கிறேன், பிரெஞ்சு விருப்பப் பாடம். ஃபேர் என்ற வினையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எழுத்தில் எஃப், ஏ, ஐ, ஆர், இ. வகுப்புக் குறிப்பில் "டூ அல்லது மேக்" என்று ஒரே வரி. ஆனால் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்த தாளில் பாதி வாக்கியங்களுக்கு டூவும் பொருந்தவில்லை, மேக்கும் பொருந்தவில்லை.

"இல் ஃபே ஷோ" என்றால் வெயில் அடிக்கிறது, அதற்கு இட் இஸ் ஹாட். "ஃபேர் யூன் ப்ரொமனாத்" என்றால் டேக் எ வாக். "ஃபேர் த்யு வெலோ" என்றால் சைக்கிள் ஓட்டுவது, கோ சைக்கிளிங். "ஃபேர் ஸான்ப்ளான்" ப்ரிடெண்ட் ஆகிவிடுகிறது. "ஃபேர் அத்தான்ஸியோன்" என்றால் கவனமாக இருப்பது, பே அட்டென்ஷன். (அத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹாஸ்டலில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயிற்று.) ஒரே வினை, ஆங்கிலத்துக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக வருகிறது. மனப்பாடம் பண்ணுவதைத் தவிர வேறு வழி உண்டா?

மார்க் வேட்டை

ப்ளஸ் டூவில் நாங்கள் பிரெஞ்சு எடுத்ததே மார்க்குக்காகத்தான். ஃபேர் என்றால் டூ என்று எழுதிவிட்டுத் தாண்டி வந்துவிட்டோம். மனப்பாடமே நல்லது. ஆல் தி பெஸ்ட்.

காட்பாடி வாத்தியார்

மனப்பாடம் வேண்டாம் அம்மா. நீங்கள் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போக சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுத் தமிழிலிருந்து பாருங்கள்.

காலையிலிருந்து இரவு வரை நாம் எத்தனை "பண்ணு" சொல்கிறோம்? சமையல் பண்ணு, தப்பு பண்ணு, கிண்டல் பண்ணு, உடற்பயிற்சி பண்ணு. இதில் அர்த்தம் முழுக்க முன்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. பண்ணு என்பது அதைத் தூக்கிக்கொண்டு போகிற கூலியாள். ஃபேரின் பாதி வேலை இதுதான். "ஃபேர் லா க்விஸீன்" சமையல் பண்ணுவது. "ஃபேர் யூன் எரேர்" தப்பு பண்ணுவது. "ஃபேர் த்யு ஸ்போர்" விளையாட்டு, உடற்பயிற்சி. ஆங்கிலத்துக்கு இப்படி எல்லாச் சுமையையும் தூக்குகிற ஒரே கூலியாள் கிடையாது. நடைக்கு டேக், தப்புக்கு மேக், வீட்டுப் பாடத்துக்கு டூ, கவனத்துக்கு பே என்று ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. குழப்பம் ஃபேரில் இல்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது "ஆகு". கடைக்காரரிடம் "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறோம் இல்லையா? "ஸா ஃபே கோம்பியன்?" என்பது அதே கேள்வி. "ஸா ஃபே தெஸான் க ஜபீத் ஆ வேலூர்" என்பதைப் பாருங்கள். "நான் வேலூரில் குடியிருந்து இரண்டு வருஷம் ஆகிறது." ஆங்கிலத்தில் இதற்கு ஹாவ் பீன் லிவிங் என்று காலத்தையே மாற்ற வேண்டும். பிரெஞ்சில் "ஃபே" நிகழ்காலம், "ஜபீத்" நிகழ்காலம். இன்னும் குடியிருப்பதால் நிகழ்காலம், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு இறந்தகாலம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது "வை". இதுதான் முக்கியம், சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி இங்கிலீஷ்

சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத்தான் மாற்றச் சொல்கிறார்கள். தமிழ்ப் பாதையில் போனாலும் கடைசியில் ஆங்கிலத்தில்தான் இறங்க வேண்டும்.

இன்னொன்று, பண்ணுவை அப்படியே நம்பினால் கவிழ்த்துவிடும். போன் பண்ணுவதற்கு "தெலெஃபொனே" என்று தனி வினையே இருக்கிறது. கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு "ஸ மாரியே". அங்கெல்லாம் ஃபேருக்கு வேலையே இல்லை.

காட்பாடி வாத்தியார்

பண்ணு வருகிற இடத்திலெல்லாம் ஃபேர் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை சார். ஃபேர் ஏற்கெனவே எழுதியிருக்கும் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத்தான் பண்ணு. பிரெஞ்சில் நாமாக எழுதும்போது அகராதி பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதே எச்சரிக்கை மேக்குக்கும் உண்டு. மேக் எ டெசிஷன் என்பதை ஃபேர் போட்டு எழுதுகிறார்கள். பிரெஞ்சில் "ப்ரான்த்ர் யூன் தெஸிஸியோன்". ப்ரான்த்ர் என்றால் எடு. நாமும் முடிவு எடுக்கத்தானே செய்கிறோம்? மேக் மீ ஹேப்பி என்பதற்கும் ஃபேர் ஆகாது. ஒருவரைச் சந்தோஷமாக்குவது, கோபக்காரராக்குவது போன்ற இடங்களுக்கு, அதாவது பின்னால் பெயரடை வந்தால், "ரான்த்ர்" என்ற வேறு வினை. ஃபேருக்குப் பின்னால் வினை வரும்.

ஆம்பூர் பாய்

ஷூ ஏற்றுமதி வேலையில் இருக்கிறேன். பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சில உபயோகங்கள்.

எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது "ஜ ஃபே த்யு காரான்த்-தெ". நேராகப் பார்த்தால் "நான் நாற்பத்திரண்டு பண்ணுகிறேன்". அர்த்தம் என்னவென்றால் என் காலுக்கு 42-ஆம் சைஸ். ஆங்கிலத்தில் ஐ டேக் எ ஃபார்ட்டி டூ. துணிக்கும் இப்படியே. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் 42 ஜோடி தயாரிக்கிறார் என்று குறித்து வைத்திருந்தான்.

அப்புறம் "ஃபேர் ஸ்விவ்ர்". பின்தொடர வைப்பது, அதாவது வந்த கடிதத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. ஆங்கிலத்தில் ஃபார்வேர்ட். "ஃபேர் பார்வனீர்" என்றால் போய்ச் சேர வைப்பது. மாதிரித் தோலை அனுப்பி வையுங்கள் என்று மரியாதையாகக் கேட்கும்போது இதைத்தான் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் வெறும் சென்ட். அந்தப் பணிவு மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடும்.

1749-இல் ஆம்பூர்ச் சண்டையில் சந்தா சாகிப் பக்கம் நின்று ஆற்காடு நவாப் அன்வருதீன் கானை வீழ்த்தியது பிரெஞ்சுப் படை. இப்போது அவர்கள் அனுப்புவது பர்ச்சேஸ் ஆர்டர். இது சும்மா ஒரு தகவல், இழையைத் திசை திருப்பவில்லை.

பாலாற்றுப் பொண்ணு

நன்றி பாய், 42 விஷயம் சூப்பர். வாத்தியார் சார், தாளில் இன்னொரு வாக்கியம். "ஜ ம ஸ்வி ஃபே கூப்பே லே ஷவெ." முடி வெட்டிக்கொண்டேன் என்று புரிகிறது. ஆனால் "கூப்பே" என்றாலே வெட்டுவதுதானே? நடுவில் ஃபே எதற்கு? எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

காட்பாடி வாத்தியார்

எடுத்துவிட்டால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாக ஆகும்.

"வை"யைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஃபேருக்குப் பின்னால் இன்னொரு வினை நேரடியாக வந்தால், அந்தச் செயலைச் செய்வது வேறு யாரோ அல்லது வேறு எதுவோ. பள்ளிக்கூடத்தில் படித்த பிறவினைதான். "ஃபேர் ரீர்" சிரிக்க வை. "ஃபேர் அத்தான்த்ர்" காக்க வை. "ஃபேர் ஸவ்வார்" என்றால் தெரிய வை, அதாவது தெரிவி. "ஃபேர் வ்வார்" பார்க்க வை, அதாவது காட்டு.

சமையலறைக்குள் போனால் இன்னும் பொருத்தம். "ஃபேர் பூயீர்" கொதிக்க வை. "ஃபேர் க்வீர் லே ஸொபெர்ஜீன்" என்றால் கத்தரிக்காயை வேக வை. ஆங்கிலத்தில் குக் த பிரிஞ்சால் என்று ஒரே வினையில் முடிந்துவிடும், வேகுகிறது யார், வைக்கிறது யார் என்ற பிரிவே தெரியாது. தமிழில் வேகுவது கத்தரிக்காய், வைப்பது நாம். பிரெஞ்சிலும் அப்படித்தான். இலவம்பாடி முள்ளுக் கத்தரியாக இருந்தால் ரொம்ப நேரம் வைக்க வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் தமிழ் நம்மைக் கைவிடும். உங்கள் முடிவெட்டு வாக்கியம் அந்த இடம். நாம் "முடி வெட்டிக்கிட்டேன்" என்கிறோம், வெட்டியது சலூன்காரர். "வண்டியை சர்வீஸ் பண்ணினேன்" என்கிறோம், பண்ணியது மெக்கானிக். "வீடு கட்டினேன்" என்கிறோம், கட்டியது கொத்தனார். வேலூர்க் கோட்டையைச் சின்ன பொம்மு நாயக்கர் கட்டினார் என்று சொல்லும்போது அவர் கல் சுமந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. தமிழில் காசு கொடுப்பவரே செய்பவர். பிரெஞ்சு இதை விடாது. பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையைக் கட்டியதைச் சொல்ல "ஆ ஃபே கோன்ஸ்த்ருய்ர்" என்பார்கள், கட்ட வைத்தார். ராஜாவாக இருந்தாலும் ஃபேர் வேண்டும்.

ஆகவே பிரெஞ்சில் எழுதும்போது ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கையால் செய்தது யார்? நான் இல்லை என்றால் ஃபேர்.

ஆம்பூர் பாய்

வாத்தியார் சார், இந்த இடத்தில் எங்கள் வீட்டு உருது கை கொடுக்கும். பனானா என்றால் செய்வது, பன்வானா என்றால் செய்ய வைப்பது. ஷாஜஹான் தாஜ்மஹல் பனாயா என்று யாரும் சொல்ல மாட்டோம், பன்வாயா என்போம். கட்வானா, ஸில்வானா எல்லாம் இதே வகை. முடி வெட்ட வைப்பது, துணி தைக்க வைப்பது.

பிரெஞ்சில் "ஃபேர் ஃபேர்" என்று இரண்டு தடவை வருவதைப் பார்த்து எங்கள் ஆபீஸில் எழுத்துப்பிழை என்று ஒருத்தர் ஒன்றை அடித்துவிட்டார். அது பன்வானாவேதான். ஆர்டர் கொடுத்து இன்னொருவரிடம் செய்து வாங்குவது. ஒரு ஃபேரை அடித்தால் அவரே உட்கார்ந்து ஷூ தைத்ததாக ஆகும்.

சத்துவாச்சாரி இங்கிலீஷ்

பன்வானா பிரமாதம் பாய். இந்தப் பிறவினை ஃபேரை ஆங்கிலத்தில் எப்படி இறக்குவது என்று நான் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கு அது வேண்டும்.

பிரெஞ்சில் ஒரே ஃபேர், வற்புறுத்தினாலும் கேட்டுக்கொண்டாலும் காசு கொடுத்தாலும். ஆங்கிலத்தில் மூன்றும் வேறு. கட்டாயம் தொனித்தால் மேக்: ஷீ மேட் ஹிம் வெயிட். வேலையைச் சொல்லிச் செய்து வாங்கினால் ஹாவ் அல்லது கெட்: ஐ ஹாட் மை ஹேர் கட். சில சமயம் லெட்: லெட் மீ நோ என்பது பிரெஞ்சில் "ஃபேர் ஸவ்வார்" ஆகலாம். பல இடங்களில் ஆங்கிலத்தில் தயாராக ஒரே வினை இருக்கும். "ஃபேர் வ்வார்" ஷோ, "ஃபேர் தோம்பே" ட்ராப், "ஃபேர் ஆந்த்ரே" ஷோ இன். எல்லாவற்றுக்கும் மேக் போட்டு எழுதினால் வாசிப்பவர் நீங்கள் ஊரையே மிரட்டிக்கொண்டிருப்பதாக நினைப்பார்.

ஐ ஹாட் கட் மை ஹேர் என்று எழுதிவிடாதீர்கள். வரிசை மாறினால் நீங்களே வெட்டியதாகிவிடும். ஐ ஹாட் மை ஹேர் கட். பிரெஞ்சில் இரண்டு வினையும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் முடி நுழையாது. ஆங்கிலத்தில் முடி நடுவில்தான் உட்காரும்.

அப்புறம், ஆங்கிலமே ஃபேரைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறது. பொருளாதாரத்தில் படிக்கும் லெஸே-ஃபேர் என்றால் செய்ய விடு. அஃபேர் என்ற சொல் செய்ய வேண்டியது என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. ஃபீஸிபிள், கவுன்டர்ஃபீட் இரண்டும் இதே குடும்பம்.

புதுவை மருமகன்

பிறந்தது புதுச்சேரி, பெண் எடுத்தது ராணிப்பேட்டை. உங்கள் பாடப்புத்தகத்தில் வராத, ஆனால் வீட்டில் தினமும் காதில் விழுகிற ஃபேர்களைச் சொல்கிறேன். இவற்றுக்கு ஆங்கிலம் தேடாதீர்கள், தமிழில் அப்படியே இருக்கின்றன.

கவிழ்ந்து விழுந்த பையனைப் பார்த்து "பியன் ஃபே பூர் த்வா" என்றால், "உனக்கு நல்லா வேணும்." யாராவது "உம்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் "இல் ஃபே லா தேத்". தேத் என்றால் தலை, தலையைப் பண்ணுகிறான். காலைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டால் "ஸா ந ஃபே ரியன்", பரவாயில்லை. "ந தான் ஃபே பா" என்றால் கவலைப்படாதே. "ஃபேர் எக்ஸ்ப்ரே" என்றால் வேண்டுமென்றே செய்வது. குழந்தைகள் சண்டையில் "இல் லா ஃபே எக்ஸ்ப்ரே!" என்ற கத்தல் கேட்காத நாளே கிடையாது.

பூனை மியாவ் என்கிறது என்பதைக் கூட "ஃபே மியாவ்" என்பார்கள். "எல் ஃபே ஜன்" என்றால் அந்தம்மா வயசு தெரியாமல் இளமையாகத் தெரிகிறார். ஆங்கிலத்தில் லுக்ஸ் யங். என் மாமியாரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அர்த்தம் சொன்ன பிறகு எலும்பு அதிகமாகப் போட்டுப் பிரியாணி வந்தது.

மார்க் வேட்டை

எலும்புக்குச் சந்தோஷப்படுகிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாலாற்றுப் பொண்ணு

வெயில் எந்தக் கணக்கில் வரும்? பண்ணுவா, ஆகுவா, வையா? "இல் ஃபே ஷோ" மூன்றிலும் அடங்கவில்லையே.

காட்பாடி வாத்தியார்

அடங்காது. வானிலைக்குத் தமிழில் "அடி" இருக்கிறது: வெயில் அடிக்கிறது, குளிர் அடிக்கிறது, காற்று அடிக்கிறது. பிரெஞ்சில் ஃபேர். ஆங்கிலத்தில் வெறும் இஸ். இதை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இல் ஃபே ஷோ", "இல் ஃபே ஃப்ரவா", இருட்டிவிட்டால் "இல் ஃபே ந்வி". முன்னால் இருக்கும் "இல்" யாரும் இல்லை, ஆங்கில இட் மாதிரி ஒரு சும்மா ஆள்.

நம் ஊர் கத்திரி வெயிலில் முக்கியமாகத் தெரிய வேண்டியது இன்னொன்று. ஊருக்குச் சூடு என்றால் ஃபேர். உங்களுக்கு வெக்கையாக இருக்கிறது என்றால் "ஜே ஷோ", அதாவது எனக்குச் சூடு இருக்கிறது. காப்பி சூடாக இருக்கிறது என்றால் இருப்பு வினையான "எ" போட்டு "எ ஷோ". ஆங்கிலத்தில் மூன்றுக்கும் இஸ்ஸும் ஆமும்தான், அதனால் அங்கிருந்து வருகிறவர்கள் "ஜ ஸ்வி ஷோ" என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார் என்று முழிப்பார்கள். அதன் தொனி வேறு, இங்கே விளக்க வேண்டாம்.

வினைத்திரிபையும் சொல்லிவிடுகிறேன். ஜ ஃபே, த்யு ஃபே, இல் ஃபே, மூன்றும் ஒரே ஒலி, எழுத்து மட்டும் மாறும். "நாங்கள் செய்கிறோம்" என்பதற்கு எழுதுவது ஃபேஸோன் மாதிரி இருக்கும், உச்சரிப்பது "ஃபஸோன்". அந்த ஏ-ஐ அங்கே அடங்கிப் போகும். நீங்கள் செய்கிறீர்கள் "வூ ஃபேத்". ஃபேஸே என்று யாராவது சொன்னால் தப்பு. வூவுக்கு இப்படி "த்" என்று முடிகிற வினைகள் மூன்றுதான்: இருப்பு வினை "எத்", சொல்லும் வினை "தீத்", இது. அவர்கள் செய்கிறார்கள் "இல் ஃபோன்". கையில் இருக்கும் போன் இல்லை, மூக்கால் முடிக்க வேண்டும்.

ஆம்பூர் பாய்

சார், ஒரு சந்தேகம். "ஃபேர் எக்ரீர் யூன் லெத்ர் ஆ மோன் ஃப்ரேர்" என்று வந்தால், கடிதத்தை என் தம்பி எழுதினானா, தம்பிக்கு எழுத வைத்தார்களா?

காட்பாடி வாத்தியார்

இரண்டும் வரும் பாய். அந்த "ஆ" செய்பவரையும் காட்டும், பெறுபவரையும் காட்டும். தெளிவு வேண்டுமென்றால் செய்பவருக்கு "பார்" போட்டுவிடுவார்கள்: "பார் மோன் ஃப்ரேர்", தம்பியைக் கொண்டு. தமிழில் "தம்பியைக் கொண்டு", "தம்பிக்கு" என்று உருபே பிரித்துவிடுவதால் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒப்பந்தக் கடிதமாக இருந்தால் "பார்" கேட்டு வாங்குங்கள்.

பாலாற்றுப் பொண்ணு

தாளின் கடைசி மூன்றை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"ஸா ஃபே ஸீ முவா கில் அப்ரான் ல தமூல்": ஹி ஹாஸ் பீன் லேர்னிங் டமில் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்.
"எல் ஃபே ரெபரே ஸா மோத்தோ": ஷீ இஸ் கெட்டிங் ஹர் பைக் ரிப்பேர்ட்.
"லா ரோப் கெல் ஆ ஃபே ஃபேர்": த ட்ரெஸ் ஷீ ஹாட் மேட்.

கடைசியில் ஒரு சந்தேகம். ரோப் பெண்பால், வினைக்கு முன்னால் வந்துவிட்டது. அப்படியென்றால் ஃபே என்பது "ஃபேத்" ஆக வேண்டாமா? தாளில் அச்சுப்பிழையா?

சத்துவாச்சாரி இங்கிலீஷ்

மூன்று ஆங்கிலமும் சரி. கடைசியில் ஹாட் மேட் என்பதை மேட் என்று சுருக்கிவிடாதீர்கள், அவரே தைத்ததாகிவிடும். அச்சுப்பிழை விஷயம் வாத்தியார் கணக்கு.

காட்பாடி வாத்தியார்

அச்சுப்பிழை இல்லை. அவரே செய்த பலகாரமாக இருந்தால் "லா தார்த் கெல் ஆ ஃபேத்", கடைசி "த்" காதில் விழும். ஆனால் ஃபேருக்குப் பின்னால் இன்னொரு வினை வந்துவிட்டால் "ஃபே" அசையாது. ஆண்பால், பெண்பால், பன்மை எதற்கும் மாறாது. அந்த உடை, தைக்க வைத்த வினைக்குச் செயப்படுபொருள் இல்லை, "தைப்பது" என்ற வினைக்குத்தான் செயப்படுபொருள் என்பது காரணம். விடு என்ற பொருளில் வரும் "லெஸே"யையும் இதே போல மாறாமல் எழுதலாம் என்று 1990 எழுத்துச் சீர்திருத்தத்தில் பரிந்துரைத்தார்கள், அதனால் அந்த வினைக்கு இரண்டு விதமாகவும் பார்ப்பீர்கள். ஃபேருக்கு ஒரே விதம்தான். வாக்கியம் எழுதி முடித்ததும் ஃபேக்குப் பின்னால் வினை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பாலாற்றுப் பொண்ணு

சரி சார். வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. "ஃபஸோன்" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்ததில் அறைத்தோழி தும்மல் என்று நினைத்து ஆவி பிடிக்கச் சொல்கிறாள்.

புதுவை மருமகன்

ந தான் ஃபே பா.